வெளிச்செல்வதில் ஒன்று

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கம்பளிக் கிடங்கின் மாடியில் யாஸ்னா
தன் பழைய கணினியை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டிருந்தாள்,
அதுவும் பறந்துவிடும் என்பதுபோல.

"இதிலிருந்து அதற்கு" என்றாள்.
இது: பழுப்பேறிய பெட்டி, இருமுகிற விசிறி,
திரையோரம் ஒரு பச்சைக் கோடு.
அது: மெல்லிசு. மேலே ஒட்டிய படலம்கூட
இன்னும் உரிக்கவில்லை.
இடையில் பதினாலு வருஷம்,
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.

எனக்கு இதுதான் தொழில்.
ஒரு நிரலுக்கு இன்னொரு நிரலின் பாஷை தெரியும்,
தெரியாததுபோல் நடிக்கும்.
பங்காளிகள். ஒரே பாட்டன், பேச்சுவார்த்தை இல்லை.
பழையது எல்லாவற்றையும் ஒரே நீளக் கோப்பில்
வாலும் தலையுமாகத் தைத்து வைத்திருக்கும்.
புதியதோ ஒவ்வொன்றுக்கும் தனி உறை கேட்கும்.
நடுவே நான்,
நகருகிற மாதிரி காட்டும் ஒரு நீலப் பட்டை.

நாற்பது சதவீதத்தில் நின்றது.
யாஸ்னா மாத்தே ஊற்றினாள்.
சன்னலுக்கு வெளியே நீரிணையில்
ஒரு சரக்குக் கப்பலும் நாற்பதிலேயே நின்றது.

முதல் முறை வந்து சேர்ந்தவை எல்லாம்
இன்றைய தேதியைப் போட்டுக்கொண்டன.
என்றைக்கோ விழுந்த கம்பளி விலை இன்று விழுந்தது.
ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அப்பா எழுதிய
"சூப்பில் உப்பே இல்லை"
இன்று மாலை நாலு பதினேழுக்கு வந்திருந்தது.
அவள் அதையே பார்த்தாள்.
நான் பார்க்காததுபோல் எல்லாவற்றையும் அழித்து
மறுபடி தொடங்கினேன்.

இரண்டாம் முறை தேதி சரி, எழுத்து உடைந்தது.
இந்த ஊர் மொழியில் 'ஆண்டு' என்ற சொல்லுக்கு
நடு எழுத்தின் தலைமேல் ஒரு சுழி உண்டு.
அது உதிர்ந்தால் சொல்
உட்காரும் இடத்துக்கு இறங்கிவிடும்.
பதினாலு வருஷத்துப் புத்தாண்டு வாழ்த்துகள்
புதிய பின்புறங்களை வாழ்த்தின.
அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள்.

மூன்றாம் முறை எல்லாம் சரி,
எல்லாம் தடித்த எழுத்தில்.
"இதையெல்லாம் படித்தாயிற்றே!"
"அது அதற்குத் தெரியாது" என்றேன்.
அனைத்தும் படித்தவை என்று குறிக்க
ஒரே ஒரு பொத்தான்.
விரலை வைத்தாள். எடுத்தாள்.
"இருக்கட்டும். வயரைச் செருகு."

செருகினேன்.
ஒரு சின்ன ஓசை, ஊதி அணைத்ததுபோல.
ஏதோ போனது.

கணக்கு மாறிய வாரத்தில்
வெளிச்செல்வதில் சிக்கிக்கொண்ட ஒன்று.
பதினொரு வருஷம்.
பெறுநர்: திராகோ, அவள் தம்பி,
நீரிணைக்கு அக்கரை, போர்வெனீர்.
அப்பாவின் படகைப் பற்றி நாலு வரி.
நான் படித்தவரை,
அதில் நாலாவது வரியை
ஒருவர் இன்னொருவருக்கு எழுதக்கூடாது.

யாஸ்னா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.
"அன்றைக்கே போய்விட்டது என்றிருந்தேன்" என்றாள்.
"படித்துவிட்டும் ஒரு வார்த்தை கேட்காமல்
அந்தக் கிறிஸ்துமஸுக்கு நண்டோடு வந்து நின்றான்.
எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.
அந்த மனசுக்குத்தான்
அவன் பையனின் படிப்புக்குக் கட்டினேன்.
அவன் மனைவியைப் பொறுத்துக்கொண்டேன்."

திரும்பக் கூப்பிட முடியுமா என்றாள்.
முடியாது என்றேன்.
அவன் இரவில் கணினியைத் திறக்கமாட்டான் என்றாள்.
திறந்தான்.

பதில் வந்தது. அந்தக் கூட்டத்தில் அது ஒன்றுதான்
நிஜமாகவே இன்று வந்தது.
"அக்கா, உன் பெயரில் எவனோ
கேவலமாக எழுதுகிறான்.
படகைத்தான் எப்போதோ விற்றாயிற்றே,
அதுகூட அந்தத் திருடனுக்குத் தெரியவில்லை.
உடனே கடவுச்சொல்லை மாற்று.
ஞாயிறு படகுப் போக்குவரத்து இருந்தால் வருகிறேன்."

யாஸ்னா வெகுநேரம் ஒன்றும் தட்டவில்லை.
விசிறி இருமிற்று.
பிறகு 'மாற்றுகிறேன்' என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்,
கடவுச்சொல் போடும்போது
எங்கள் தொழிலில் செய்கிற மரியாதை அது.

பெரிய சொல்லாகத்தான் இருந்திருக்கும்.
நிறைய நேரம் தட்டினாள்.